தேக்காவை வரைபடத்தில் ஏற்றுவது எப்படி? ஜியோநோடும் அதற்குள் பேசும் நிரல்மொழிகளும்

சனிக்கிழமை பிற்பகல்களில் ஒரு சமூக மன்ற அறையில் நாங்கள் சிலர் கூடுகிறோம். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் நான்கைந்து பேர், வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு பேர். சிங்கப்பூரில் தேக்கா என்று நாம் சொல்லும் சிராங்கூன் சாலை வட்டாரத்துக் கடைகளையும் கோயில்களையும் தமிழ்ப் பெயர்களோடு இணைய வரைபடத்தில் ஏற்றுவதுதான் வேலை. புதிதாக வருகிறவர்கள் நிரல் கோப்புறையைத் திறந்து பார்த்ததுமே கேட்பார்கள்: “அண்ணே, இதுக்கு எத்தனை மொழி படிக்கணும்?”

கேள்வி நியாயமானதுதான். ஒரு கோப்புறையில் பைத்தான், பக்கத்தில் ஜாவாஸ்கிரிப்ட், இன்னொன்றில் ஜாவா, நடுநடுவே தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் எஸ்.கியூ.எல்., கட்டிமுடிக்க ஷெல் நிரல்கள். பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும். நான் சொல்லும் பதில் இது: ஒரு மொழியை நன்றாகப் படியுங்கள். மற்ற மொழிகளில், ஒன்று இன்னொன்றிடம் வேலையைக் கைமாற்றும் இடங்களை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். வரைபட மென்பொருளில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை அந்தக் கைமாற்றும் இடத்தில்தான் பிறக்கின்றன. இந்தக் கட்டுரை அந்த இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டும்.

எடுத்துக்கொண்டிருக்கும் மென்பொருள் ஜியோநோட். 2009 வாக்கில், பேரிடர் அபாயத் தரவுகளை நாடுகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள வழி வேண்டும் என்று உலக வங்கி தொடங்கிய பணியிலிருந்து வந்தது. திறந்த மூல உரிமத்தில் கிடைப்பது. கோப்பைப் பதிவேற்றினால் அதை வரைபடமாக்கி, யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்று அனுமதியும் வைத்து, மற்ற மென்பொருள்களும் எடுத்துப் பயன்படுத்தும்படி சேவையாகத் தருகிறது. இவ்வளவையும் அது தானாகச் செய்வதில்லை. ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்த பல திறந்த மூலத் திட்டங்களை ஒன்றாகக் கட்டியிருக்கிறது. இத்தனை மொழிகள் வந்தது அதனால்தான். வேண்டுமென்றே யாரும் ஐந்தாறு மொழியில் எழுதவில்லை.

முதலில் ஓடவிடுங்கள்

நிரலைப் படிக்க உட்காராதீர்கள். முதலில் உங்கள் மடிக்கணினியில் அது ஓட வேண்டும். டாக்கர் (மென்பொருள்களைக் கன்டெய்னர் எனப்படும் தனித்தனிப் பெட்டிகளுக்குள் ஓடவிடும் கருவி) நிறுவிக்கொண்டு, கிட் என்ற நிரல்பதிப்புக் கருவி மூலம் ஜியோநோடின் களஞ்சியத்தை இறக்கி, அமைப்புக் கோப்பை உருவாக்கி, டாக்கர் கம்போஸ் கட்டளையால் எல்லாவற்றையும் எழுப்பிவிடலாம். கட்டளைகளை அதிகாரபூர்வ ஆவணத்தில் இருக்கிறபடியே தட்டுங்கள். பதிப்புக்குப் பதிப்பு சின்னச் சின்ன மாற்றம் வரும் என்பதால் பழைய குறிப்புகளை நம்ப வேண்டாம். 16 ஜிபி நினைவகம் இருந்தால் நிம்மதி. 8 ஜிபியில் ஜாவா பகுதி எழும்போது கணினி திணறுவதை எங்கள் அறையில் பலமுறை பார்த்திருக்கிறோம்.

விண்டோஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கிட் சில சமயம் வரிமுடிவுக் குறிகளை விண்டோஸ் பாணிக்கு மாற்றிவிடும். அப்படி மாறிய ஷெல் நிரல் லினக்ஸ் கன்டெய்னருக்குள் ஓடாது. கோப்பு கண்ணெதிரே இருக்கும்போதே “அப்படி ஒரு கோப்பு இல்லை” என்று செய்தி வரும். கோப்பைத் தேடி அலையாமல் கிட் அமைப்பில் வரிமுடிவு மாற்றத்தை நிறுத்திவிட்டு மறுபடி இறக்குங்கள். கைமாற்றும் இடத்தில் பிறக்கும் சிக்கலுக்கு இதுவே முதல் உதாரணம். ஒரு இயங்குதளம் எழுதியது, இன்னொன்று படிக்கிறது.

எல்லாம் எழுந்ததும், ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னர்களின் பட்டியலைப் பாருங்கள். வாசலில் நிற்பது என்ஜின்எக்ஸ், வரும் கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் வலைச் சர்வர். அது சி மொழியில் எழுதியது. உள்ளே ஜாங்கோ, இணையத்தளம் கட்டுவதற்கான பைத்தான் சட்டகம். அதன் பக்கத்தில் செலரி என்று இன்னொரு பைத்தான் கன்டெய்னர், நேரம் பிடிக்கும் வேலைகளைப் பின்னணியில் செய்யும். வரைபடத்தை வரைந்து தரும் ஜியோசர்வர் முழுக்க ஜாவா. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ், அதற்குள் புவிசார் வேலைகளுக்காகப் போஸ்ட்ஜிஸ். இரண்டும் சி, நாம் அவற்றிடம் பேசும் மொழி எஸ்.கியூ.எல். உலாவியில் தெரியும் முகம் மேப்ஸ்டோர், அது ஜாவாஸ்கிரிப்ட். இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள். சிக்கல் வரும்போது அதைத்தான் முதலில் பார்க்கப்போகிறீர்கள்.

ஒரு கோப்பின் பின்னாலேயே போங்கள்

அடுத்து, சின்னதாக ஒரு தரவு வேண்டும். நாங்கள் புதியவர்களுக்குக் கொடுப்பது இரண்டு. ஒன்று, பஃபலோ ரோட்டிலும் கேம்பல் லேனிலும் நாங்களே நடந்து எழுதிய கடைப் பட்டியல், தமிழ்ப் பெயர்களோடு. இன்னொன்று, அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் கிடைக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடப் பட்டியல். இந்த இரண்டாவதை ஏன் எடுக்கிறோம் என்பது கொஞ்சம் கழித்துப் புரியும்.

கடைப் பட்டியலைப் பதிவேற்றுங்கள். பொத்தானை அழுத்தியதிலிருந்து வரைபடம் தெரியும்வரை என்ன நடக்கிறது?

உலாவியில் இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட், உங்கள் கோப்பை எடுத்து அனுப்புகிறது. என்ஜின்எக்ஸ் வாங்கி ஜாங்கோவிடம் கொடுக்கிறது. ஜாங்கோ நீங்கள் யார், பதிவேற்ற அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வேலையைச் செலரியிடம் தள்ளுகிறது. செலரியும் தானே கோப்பைப் பிரிப்பதில்லை. ஜிடால் என்ற நூலகத்தின் கருவியைக் கூப்பிடுகிறது. 1998-இல் ஃபிராங்க் வார்மர்டாம் எழுதத் தொடங்கிய ஜிடால், சி பிளஸ் பிளஸ்ஸில் ஆனது. உலகத்தில் உள்ள புவிசார் கோப்பு வகைகளில் அது படிக்காதது மிகக் குறைவு. ஜிடால் கோப்பைப் பிரித்துப் போஸ்ட்ஜிஸ்ஸில் ஒரு அட்டவணையாக இறக்குகிறது. பிறகு பைத்தான் ஜியோசர்வருக்கு, இணையப் பக்கங்கள் பயணிக்கும் அதே எச்.டி.டி.பி. வழியே சொல்கிறது: “இந்த அட்டவணையை லேயராக, அதாவது வரைபட அடுக்காக, வெளியிடு.” ஜாவா அதைக் கேட்டு, தன் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறது. கடைசியில் உலாவி ஜியோசர்வரிடம் படம் கேட்கிறது, ஜியோசர்வர் போஸ்ட்ஜிஸ்ஸிடம் எஸ்.கியூ.எல். கேள்வி போட்டுப் புள்ளிகளை வாங்கி, வரைந்து, படமாக அனுப்புகிறது.

இந்தப் பயணத்தில் மூன்று விதமான கைமாற்றம் இருக்கிறது.

முதலாவது, ஒரே நிரலுக்குள்ளேயே ஒரு மொழி இன்னொரு மொழியின் நூலகத்தைக் கூப்பிடுவது. ஜாங்கோவின் புவிசார் பகுதி ஜிடாலையும் ஜியாஸ் என்ற வடிவியல் நூலகத்தையும் இப்படித்தான் கூப்பிடுகிறது. இங்கே பதிப்பு பொருந்த வேண்டும். டாக்கர் இல்லாமல் நேரடியாக நிறுவுகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். கணினியில் இருக்கும் ஜிடால் நூலகம் ஒரு பதிப்பு, பைத்தானுக்காக நிறுவிய ஜிடால் இணைப்பு வேறு பதிப்பு என்றால் நிறுவலே முறிந்துபோகும். எனக்கு முதல் தடவை ஒரு சனிக்கிழமை முழுவதும் இதில் போனது. பிழைச் செய்தி பைத்தானிலிருந்து வந்ததால் பைத்தான் நிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கணினியில் உள்ள ஜிடாலின் பதிப்பு எண்ணை முதலில் கேட்டு, அதே எண்ணுள்ள பைத்தான் இணைப்பை நிறுவினால் வேலை முடிந்தது.

இரண்டாவது, தனித்தனி நிரல்கள் எச்.டி.டி.பி. வழியே பேசிக்கொள்வது. பைத்தானும் ஜாவாவும் பேசுவது இப்படி. ஒன்றின் உள்ளே என்ன நடக்கிறது என்று மற்றதற்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. மூன்றாவது, இருவரும் ஒரே தரவுத்தளத்தைப் பார்ப்பது. பைத்தான் எழுதியதை ஜாவா படிக்கிறது, நடுவில் எஸ்.கியூ.எல். நிற்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இரண்டு நிலப்பகுதிகள் ஒன்றையொன்று வெட்டுகின்றனவா, ஒரு புள்ளி எல்லைக்குள் இருக்கிறதா போன்ற வடிவியல் கணக்குகளுக்காக ஜாவாவில் ஜே.டி.எஸ். என்று ஒரு நூலகம் கனடாவில் எழுதப்பட்டது. ஜியோசர்வர் பயன்படுத்துவது அதைத்தான். பிறகு அதையே சி பிளஸ் பிளஸ்ஸில் பெயர்த்து ஜியாஸ் என்று ஆக்கினார்கள். போஸ்ட்ஜிஸ் பயன்படுத்துவது ஜியாஸை. பைத்தானின் ஷேப்லி கூப்பிடுவதும் அதே ஜியாஸைத்தான். ஜாவாஸ்கிரிப்டுக்கும் ஒரு பெயர்ப்பு இருக்கிறது. ஆக, நீங்கள் எந்த மொழியில் நின்று “இந்தக் கடை அந்த வட்டாரத்துக்குள் இருக்கிறதா” என்று கேட்டாலும், பதில் சொல்வது ஒரே கணித முறையின் உடன்பிறப்புகள்தான்.

எண்களைப் பார்த்ததும் கண்டுபிடியுங்கள்

இப்போது வீவக கார் நிறுத்துமிடப் பட்டியலை எடுங்கள். அதில் ஆல்பர்ட் சென்டர் நிலவறை நிறுத்துமிடத்துக்கு எதிரே இரண்டு எண்கள் இருக்கும்: 30,314 சொச்சம், 31,490 சொச்சம். இது அட்சரேகையும் இல்லை, தீர்க்கரேகையும் இல்லை. சிங்கப்பூருக்கென்றே உள்ள எஸ்.வி.ஒய். 21 என்ற ஆள்கூற்று முறையில் மீட்டர் கணக்கு. பன்னாட்டுப் பட்டியலில் இதன் எண் 3414. தீவின் நடுவே அட்சரேகை 1 பாகை 22 கலை, தீர்க்கரேகை 103 பாகை 50 கலை என்ற புள்ளியை எடுத்துக்கொண்டு, அந்தப் புள்ளிக்குக் கிழக்காக 28,001.642, வடக்காக 38,744.572 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். அதனால் தீவில் எங்கே நின்றாலும் இரண்டு எண்ணும் கழித்தல் குறி இல்லாமல் வரும்.

எங்கள் மாணவர் ஒருவர் இந்தப் பட்டியலை இணைய வரைபடங்களின் பொது முறையில் உள்ள எண்கள் என்று நினைத்து ஏற்றினார். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. எல்லாம் பச்சை. ஆனால் வரைபடத்தில் சிங்கப்பூர் காலி. உலகம் முழுக்கத் தெரியும்படி சிறிதாக்கிப் பார்த்தபோது, வீவக கார் நிறுத்துமிடங்கள் அனைத்தும் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாக் கடலில் ஒரு கொத்தாகக் கிடந்தன. பூமத்திய ரேகையும் கிரீன்விச் கோடும் சந்திக்கும் இடத்திலிருந்து நாற்பது ஐம்பது கிலோமீட்டர் தள்ளி. கணக்கு சரிதான். இணைய வரைபடங்களின் மீட்டர் கணக்கு அந்தச் சந்திப்பிலிருந்துதான் தொடங்குகிறது.

இதற்கு ஒரு கைப்பழக்கம் சொல்கிறேன், இதை மட்டுமாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சிங்கப்பூர்த் தரவில் 1.3, 103.8 மாதிரி எண் இருந்தால் அது பாகை. ஐந்து இலக்க எண் இருந்தால் எஸ்.வி.ஒய். 21. ஒரு எண் ஒரு கோடியே பதினைந்து லட்சத்துக்கு மேல் போய்விட்டால் அது இணைய வரைபடங்களின் பொது முறை, பட்டியல் எண் 3857. கோப்பைத் திறந்து எண்ணைப் பார்த்ததும் இது தெரிந்துவிட வேண்டும்.

ஒரு முறையிலிருந்து இன்னொரு முறைக்கு மாற்றும் வேலையை யார் செய்கிறார் என்பதையும் கவனியுங்கள். போஸ்ட்ஜிஸ்ஸுக்குள் செய்தால் சி மரபில் வந்த புரோஜ் நூலகம் செய்யும். ஜியோசர்வர் தனக்கென்று ஜாவாவில் வேறொரு கணக்கு வைத்திருக்கிறது. உலாவியில் வரைபடம் காட்டும் ஓப்பன்லேயர்ஸ் நூலகத்துக்கு இயல்பாகத் தெரிந்தது பாகை முறையும் 3857-உம்தான். 3414 வேண்டுமென்றால் புரோஜின் ஜாவாஸ்கிரிப்ட் வடிவத்தைச் சேர்த்து நாமே சொல்லித்தர வேண்டும். மூன்று இடத்திலும் மாற்றலாம் என்பதற்காக மூன்று இடத்திலும் மாற்றாதீர்கள். பதிவேற்றுவதற்கு முன்பே கியூஜிஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்து, 3414 என்று அடையாளம் காட்டி, பாகை முறையில் ஜியோபேக்கேஜ் கோப்பாகச் சேமித்துவிடுங்கள். அதற்கப்புறம் எந்த மொழியும் குழம்பாது.

வரிசைச் சிக்கல் ஒன்று பாக்கி இருக்கிறது. ஜியோஜேசன் கோப்பில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு. போஸ்ட்ஜிஸ்ஸில் புள்ளி உண்டாக்கும்போதும் அப்படியே. லீஃப்லெட் என்ற உலாவி வரைபட நூலகத்தில் தலைகீழ்: அட்சரேகை முதலில். ஜியோசர்வரிடம் படம் கேட்கும் டபிள்யூ.எம்.எஸ். முறையில், பழைய 1.1.1 பதிப்பு ஒரு வரிசை, 1.3.0 பதிப்பு பாகை முறைக்கு மறு வரிசை. நமக்கு ஒரு வசதி: 103.8 என்பது அட்சரேகையாக இருக்கவே முடியாது, 90-க்கு மேல் அட்சரேகை கிடையாது. அதனால் சிங்கப்பூர்த் தரவில் வரிசை மாறினால் உடனே தெரிந்துவிடும்.

தேக்கா: மூன்றா, ஆறா, பதினெட்டா?

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தப் பகுதிதான் முக்கியம். வேறு மொழி வழிகாட்டிகளில் இது கிடைக்காது என்பதால் நிதானமாகச் சொல்கிறேன்.

‘தேக்கா’ என்ற சொல்லில் நம் கணக்குக்கு மூன்று எழுத்து: தே, க், கா. பைத்தானிடம் நீளம் கேட்டால் ஆறு என்கும். யூனிகோடில் த, ஏகாரக் குறி, க, புள்ளி, க, கால் என்று ஆறு குறிகளாக இருப்பதுதான் காரணம். ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் ஆறு என்றே சொல்லும். போஸ்ட்கிரெஸ்ஸிடம் எழுத்து நீளம் கேட்டால் ஆறு, பைட் நீளம் கேட்டால் பதினெட்டு. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். சி மொழியில் எழுதிய பழைய கருவிகள் எண்ணுவது இந்தப் பதினெட்டைத்தான். ஒரே சொல், மூன்று நீளம். எல்லை வைக்கிற இடத்திலெல்லாம் எதை எண்ணுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இது எங்கே இடிக்கும்? ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வகையில் நெடுவரிசையின் பெயர், அதாவது அட்டவணையில் மேலே இருக்கும் தலைப்பு, பத்து பைட்டுக்கு மேல் போகக் கூடாது. தமிழில் அது மூன்று குறி. ‘கடைப்பெயர்’ என்று தலைப்பு வைத்தால் வெட்டுப்பட்டு ‘கடை’ மிஞ்சும். ‘கடைமுகவரி’ என்று வைத்தாலும் ‘கடை’தான் மிஞ்சும். இரண்டும் ஒரே பெயர். அந்தப் பத்தாவது பைட் அடுத்த எழுத்தின் துண்டாகத் தொங்கி வேறு தொல்லையும் தரலாம். போஸ்ட்கிரெஸ்ஸிலும் பெயர்களுக்கு 63 பைட் எல்லை உண்டு, தமிழில் 21 குறி. அதனால் நாங்கள் வைத்திருக்கும் விதி: தலைப்புகள் ஆங்கில எழுத்தில் சின்னதாக இருக்கட்டும், உள்ளடக்கம் தமிழில் இருக்கட்டும், ஷேப்ஃபைல் வேண்டவே வேண்டாம். ஜியோபேக்கேஜ் உரையை யூடிஎஃப்-8 முதலான யூனிகோட் முறையில்தான் வைத்திருக்கும், பெயர் நீளத்திலும் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது தேடல். ‘கோயில்’ என்று தேடினோம், பட்டியலில் இருந்ததில் பாதிதான் வந்தது. கண்ணுக்கு எல்லாம் ஒரே மாதிரி ‘கோயில்’. உள்ளே பார்த்தால், சிலர் தட்டியதில் ஓகாரம் ஒரே குறியாக இருந்தது, சிலர் தட்டியதில் ஏகாரக் குறியும் காலும் தனித்தனியாக இருந்தன. யூனிகோட் இரண்டையும் சமம் என்கிறது. ஆனால் எஸ்.கியூ.எல். ஒப்பிடும்போது குறி குறியாகத்தான் பார்க்கும், சமம் என்று சொல்லாது. இதைச் சரிசெய்ய, எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் இயல்பாக்கம் என்று ஒரு வழி இருக்கிறது. பைத்தானில் உண்டு, ஜாவாவில் உண்டு, ஜாவாஸ்கிரிப்டில் உண்டு, போஸ்ட்கிரெஸ்ஸில் 13-ஆம் பதிப்பிலிருந்து உண்டு. எதில் செய்வது? தரவு உள்ளே நுழையும் வாசலில், ஒரே ஒரு தடவை. நாங்கள் பதிவேற்றுவதற்கு முன் ஒரு சின்னப் பைத்தான் நிரலில் செய்கிறோம், தேடல் சொல்லையும் அதே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறோம்.

கடைசியாக, வரைதல். தரவு சரி, தேடல் சரி, வரைபடத்தில் மட்டும் பெயருக்குப் பதில் வரிசையாகக் கட்டங்கள். பயப்பட வேண்டாம், ஜியோசர்வர் கன்டெய்னருக்குள் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். எழுத்தை வரைவது உங்கள் மடிக்கணினி இல்லை. சர்வரில் ஓடும் ஜாவா வரைந்து, படமாக அனுப்புகிறது. உங்கள் கணினியில் நூறு தமிழ் எழுத்துரு இருந்தாலும் அதற்குத் தெரியாது. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைக் கன்டெய்னருக்குள் போட்டு, ஜியோசர்வரை மறுபடி எழுப்பி, அதன் நிர்வாகப் பக்கத்தில் எழுத்துருப் பட்டியலில் பெயர் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால், வரைபடத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் எஸ்.எல்.டி. கோப்பில் அதே பெயரை எழுத்துப் பிசகாமல் கொடுங்கள்.

உலாவியிலேயே எழுத்தை வரைய நினைத்தால் நிலைமை வேறு. ஓப்பன்லேயர்ஸ் உலாவியிடமே எழுத்தைக் கொடுத்து வரையச் சொல்கிறது, உலாவிக்குத் தமிழ் சேர்க்கத் தெரியும், சரியாக வரும். கிராஃபிக்ஸ் அட்டையை நேரடியாகப் பயன்படுத்தும் சில நூலகங்கள் எழுத்துருவைத் துண்டு துண்டாக வாங்கி ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டும். அந்த முறையில் தகரத்துக்கு இடப்பக்கம் நிற்க வேண்டிய ஏகாரக் கொம்பு வலப்பக்கம் போய்விடும். தேக்கா என்று படிக்கவே முடியாது. அழகும் வேகமும் நன்றாக இருக்கிறதே என்று ஒரு நூலகத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், ‘தேக்கா’, ‘தோ பாயோ’ என்ற இரண்டு பெயரையும் அதில் எழுதிப் பாருங்கள். கொம்பும் காலும் இரண்டு பக்கமும் வருகிற சொற்கள் என்பதால் ஒரு நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். நம் ரயில் நிலையங்களில் பெயர்ப் பலகை தமிழிலும் இருக்கிற ஊர் இது. வரைபடத்தில் கொம்பு இடம் மாறிய தமிழை வைத்துவிட்டு, இதுவாவது இருக்கிறதே என்று விட்டுவிட எனக்கு மனம் ஒப்பாது.

பிழைச் செய்தியை எந்தப் பக்கமிருந்து படிப்பது

மொழிக்கு மொழி பிழையைச் சொல்லும் வழக்கம் வேறு. பைத்தான் நீளமாகப் புலம்பும், காரணம் கடைசி வரியில் இருக்கும். ஜாவா அதைவிட நீளமாகப் புலம்பும். அதில் ‘காஸ்ட் பை’ (Caused by) என்று தொடங்கும் வரிகள் பல இருக்கும், அவற்றில் கடைசியாக வருவதுதான் மூல காரணம். முதல் வரியைப் படித்துவிட்டு இணையத்தில் தேடப் போகாதீர்கள். ஜாவாஸ்கிரிப்ட் பிழை சர்வர் லாகில் (பதிவேட்டில்) வராது, உலாவியில் எஃப் 12 அழுத்திப் பார்க்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் பெரும்பாலும் இரண்டு வரியில் முடித்து, முடிந்தால் ஒரு யோசனையும் சொல்லும். அந்த யோசனையைப் படியுங்கள், பல சமயம் அதுவே விடை.

502 என்று வந்தால் வாசலில் என்ஜின்எக்ஸ் நிற்கிறது, உள்ளே ஜாங்கோ இன்னும் எழவில்லை. கொஞ்சம் பொறுங்கள், அல்லது ஜாங்கோவின் லாகைப் பாருங்கள். உள்நுழைந்தும் லேயர் மட்டும் மறுக்கப்பட்டால், பயனர் பட்டியலை வைத்திருக்கும் பைத்தானுக்கும் அனுமதியைச் சரிபார்க்கும் ஜாவாவுக்கும் இடையே தகவல் ஒத்துப்போகவில்லை. ஜியோநோடில் அனுமதிகளை மறுபடி ஒத்திசைக்க வழி இருக்கிறது, அதை ஓடவிடுங்கள்.

மிகவும் ஏமாற்றுவது இது: வரைபடம் வெறுமையாக இருக்கும், எஃப் 12-இல் பார்த்தால் எல்லாக் கோரிக்கைக்கும் 200, அதாவது வெற்றி. டபிள்யூ.எம்.எஸ். வழக்கப்படி ஜியோசர்வர் பிழையைக்கூட 200 போட்டே அனுப்பும். உள்ளே படத்துக்குப் பதில் எக்ஸ்.எம்.எல். உரையாகப் பிழைச் செய்தி இருக்கும். அந்தக் கோரிக்கையின் முகவரியை எடுத்துத் தனித் தாவலில் திறந்தால் செய்தியைப் படிக்கலாம். எங்கள் அறையில் புதியவர்களுக்கு இதை முதல் நாளே செய்து காட்டிவிடுகிறோம். எஸ்.எல்.டி.யில் எதையாவது வேண்டுமென்றே தப்பாக எழுதி, வெறுமையான வரைபடத்தை வரவழைத்து, அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்கிறோம்.

எதைப் படிக்கத் தொடங்குவது

என் தனிப்பட்ட அபிப்பிராயம், எஸ்.கியூ.எல். முதலில். மற்ற எல்லா மொழியும் கடைசியில் வந்து சேரும் இடம் தரவுத்தளம். தேக்கா சந்தையிலிருந்து 500 மீட்டருக்குள் எத்தனை மளிகைக் கடை என்ற கேள்வியைப் போஸ்ட்ஜிஸ்ஸில் நாலு வரியில் கேட்டுவிடலாம். அப்புறம் பைத்தான், ஏனென்றால் ஜியோநோடில் நீங்கள் மாற்ற விரும்பும் பெரும்பாலானவை அங்கே இருக்கின்றன. ஜாவாஸ்கிரிப்ட், திரையில் ஏதாவது மாற்ற வேண்டி வரும்போது. ஜாவாவை எழுதத் தெரிய வேண்டாம், லாக் படிக்கத் தெரிந்தால் போதும். சி, சி பிளஸ் பிளஸ்ஸில் பதிப்பு எண்ணைச் சரிபார்ப்பதோடு உங்கள் வேலை முடிந்தது.

நிரல் எழுதாமலே பங்களிக்கவும் ஒரு வழி இருக்கிறது: திரைச் சொற்களின் தமிழாக்கம். அங்கேயும் இரண்டு மொழி இரண்டு இடத்தில் நிற்பதைப் பார்ப்பீர்கள். ஜாங்கோ காட்டும் சொற்கள் பி.ஓ. கோப்புகளில் இருக்கும், மேப்ஸ்டோர் காட்டும் சொற்கள் ஜேசன் கோப்புகளில் இருக்கும். ஒன்றில் ‘அடுக்கு’ என்றும் மற்றதில் ‘லேயர்’ என்றும் எழுதிவிட்டால் பயன்படுத்துகிறவர் குழம்பிப்போவார். சொற்பட்டியல் ஒன்றை முதலில் தயாரித்துக்கொண்டு இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள்.

அடித்தள வரைபடத்துக்குச் சிங்கப்பூர் நில ஆணையத்தின் ஒன்மேப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். அவர்கள் கேட்கிறபடி மூலத்தைக் குறிப்பிடும் வரியை மட்டும் வரைபடத்தின் ஓரத்தில் வைக்க மறக்காதீர்கள்.

அன்றைய வேலை முடிந்ததும் டாக்கர் கம்போஸ் டவுன் என்ற கட்டளையால் நிறுத்துங்கள். அதன் பின்னால் மைனஸ் வி என்று சேர்க்கச் சொல்லும் குறிப்புகள் இணையத்தில் நிறைய இருக்கும். அதைச் சேர்த்தால் தரவு வைத்திருக்கும் பகுதிகளும் சேர்ந்து அழிந்துவிடும், நீங்கள் தெருத் தெருவாக நடந்து எழுதிய கடைப் பெயர்கள் எல்லாம் போய்விடும். நிறுத்துவதற்கு முன் ஜியோபேக்கேஜ் கோப்பு ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று பார்த்துவிட்டு, பிறகு மூடுங்கள்.